சிற்றலைப் பெட்டியில் ழகரம்



பத்தாம் ஆண்டு விழாவுக்குத் தலைப்புக் கேட்டு நம் செயலாளர் வந்தபோது, சங்க இலக்கியத்தில் ஒரு துறையையோ சிலம்பில் ஒரு காதையையோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் எழுதிக் கொடுத்த தாளைப் படித்துவிட்டு, "டாக்டரம்மா, இது ரேடியோ ரிப்பேர் பற்றியதா?" என்று கேட்டார். ஆம் என்றேன். பழைய கையடக்கச் சிற்றலை வானொலிப் பெட்டியைப் பழுது நீக்கி, முன்னிருந்ததினும் நன்றாகக் கேட்கும்படி செப்பம் செய்வது பற்றியதே என் பேச்சு. கவிஞர்கள் கூடிய அவையில் இதற்கென்ன வேலை என்று எண்ணுவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். தமிழைக் காதால் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்தப் பெட்டி ஏட்டுக்கும் எழுத்தாணிக்கும் ஈடான கருவியாக இருந்தது. கருவி கெட்டால் எழுத்தும் கெடும். எந்த எழுத்து முதலில் கெடும் என்பதைக் கடைத்தெருப் பழுதுபார்ப்பவரைவிட இலக்கணம் படித்தவர் எளிதில் சொல்லக்கூடும். நான் பட்டம் பெற்றது எழுத்திலக்கணத்தில். ஈயம் வைக்கக் கற்றது என் தந்தையாரிடத்தில். அந்தத் துணிவில்தான் பேச வந்தேன்.

வரலாற்றை விரித்துரைக்க நேரமில்லை. சில ஆண்டுகளை மட்டும் நினைவூட்டுகிறேன். கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924-இல் ஒலிபரப்பத் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அது நின்றுவிட, 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் எழுந்தன. கொழும்பில் 1925-இலேயே ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக அங்கே நிறுவப்பட்ட ஆற்றல் மிக்க சிற்றலை நிலையம், போர் முடிந்தபின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. நம் வீட்டுத் திண்ணைகளில் இலங்கைத் தமிழ் ஒலித்ததற்கு அந்தப் போர்க்கால நிலையம் ஒரு காரணம். பி.பி.சி. 1941 மே மாதம் தமிழில் பேசத் தொடங்கியது. அங்குப் பணியாற்றிய யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம் அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டினார். 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலை எழுதியவரும் அவரே. நம் வட்டத்தின் நூலகத்தில் அந்நூல் இருக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். மாஸ்கோவும் மணிலாவின் வேரித்தாசும் வத்திக்கானும், 1963 முதல் சீன வானொலியும் தமிழில் பேசின. பெட்டி வைத்திருப்பதற்கே அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்த காலம் அது. அந்த வழக்கம் 1980களில் ஒழிந்தது.

கொழும்பு உத்திரமேரூரிலிருந்து நேர்க்கோட்டில் சற்றேறக்குறைய 630 கிலோமீட்டர். அத்தொலைவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் சிற்றலைகள், நிலத்துக்கு மேலே இருநூறு முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நம் ஏரிக்கரையில் இறங்குகின்றன. அந்த மண்டலம் ஒருபோதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. பகலுக்கு ஓர் அலைவரிசை ஏற்றது; இரவுக்கு வேறொன்று. குரல் பெருகும், தேயும், ஒரு சொல்லின் நடுவே மறையும், மீண்டும் வரும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பெட்டியைத் திருத்தி நீக்கிவிட முடியாது. ஆனால் வந்து சேரும் ஒலியில் எவ்வளவு நம் காதுக்குக் கிடைக்கிறது என்பது பெட்டியைப் பொறுத்தது.

இனிப் பெட்டிக்கு வருவோம். நான் சொல்வது பிலிப்ஸ், மர்பி, புஷ், நெல்கோ என்று நம் வீடுகளில் இருந்த டிரான்சிஸ்டர் பெட்டிகளை. இவற்றின் உறுப்புகளுக்குக் கலைச்சொல் அகராதியில் நல்ல தமிழ்ச் சொற்கள் உள. ஆயினும் இன்று நான் கடைத்தெருச் சொற்களையே பெரிதும் ஆளப் போகிறேன். கேங், காயில், பேண்ட் ஸ்விட்ச், கண்டென்சர், டயல் நூல், ஐ.எஃப்.டி. என்று சொன்னால்தான் உதிரி உறுப்பு கிடைக்கும். 'மின்தேக்கி' என்று ரிச்சி தெருவில் கேட்டுப் பார்த்தவள் நான். கடைப்பையன் முதலாளியை அழைத்தான்! அதே பையன் சாலிடரிங்கை 'ஈயம் வைக்கிறது' என்றும், ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பை 'உலர்ந்த ஈயம்' என்றும் சொன்னான். குழு கூடிச் செய்த சொற்களில் இத்தகைய உயிர்ப்பு எல்லாவற்றுக்கும் வாய்க்கவில்லை என்பது என் கருத்து.

பழைய பெட்டி கையில் கிடைத்தால் முதலில் அதில் எதையும் திருகாதீர்கள். பாட்டரி கட்டையைத் திறந்து பாருங்கள். பச்சை பூத்திருந்தால் எலுமிச்சைச் சாற்றில் பஞ்சை நனைத்துத் துடைத்து, பின் ஈரம் போக உலர்த்துங்கள். பேண்ட் ஸ்விட்சின் தொடுமுனைகள் கறுத்திருக்கும். அதற்கென விற்கும் துப்புரவு நீர்மத்தைச் சிறிதளவு விட்டு இருபது முப்பது முறை இப்புறமும் அப்புறமும் தள்ளினால், 'செத்துவிட்டது' என்று மூலையில் போட்ட பெட்டிகளில் பல அதிலேயே பேசும். வால்யூமைத் திருப்பும்போது கரகரக்கும் ஒலிக்கும் அதே மருந்து. பேச்சின் நடுவே படகு ஓடுவது போல 'டப டப' என்று சத்தம் வந்தால், மின்வழியில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் உலர்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றத்தான் வேண்டும். பழையதன் அளவையும் முனைகளின் திசையையும் குறித்துக்கொண்ட பின்னரே கழற்ற வேண்டும்.

இங்கே ஒரு வியப்பான பழுதைச் சொல்ல வேண்டும். ஏஎஃப் 115, ஏஎஃப் 117 என்னும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் 1960களின் பெட்டிகளில் பரவலாக இருந்தன. அவற்றின் உலோகக் கூட்டுக்குள் தூய வெள்ளீயத்திலிருந்து தலைமயிரினும் மெல்லிய இழைகள் தாமாகவே முளைத்து வளர்கின்றன. பல ஆண்டுகள் கழித்து ஓர் இழை உள்ளிருக்கும் முனையைத் தொட்டுவிடும், பெட்டி ஊமையாகிவிடும். யாரும் தொடாமல், அலமாரியில் சும்மா இருந்தபோதே நேர்வது இது. அந்த டிரான்சிஸ்டருக்கு நான்கு கால்கள் உண்டு. நான்காவது கால் கூட்டை மட்டும் புவியிணைப்போடு சேர்ப்பது. அதனை வெட்டிவிட்டால் கூடு தனித்து நிற்கும், இழை தொட்டாலும் பெரும்பாலும் கேடில்லை, பெட்டி பேசத் தொடங்கும். டிரான்சிஸ்டரையே எடுத்துவிட்டுப் புதிய சிலிக்கான் வகையைப் பொருத்துவோரும் உளர். அது அப்படியே பொருந்தாது. ஜெர்மானியத்துக்கு 0.2 வோல்ட் அளவில் திறக்கும் வாயில் சிலிக்கானுக்கு 0.6 வோல்ட்டில்தான் திறக்கும்; சுற்றியுள்ள ரெசிஸ்டர்களையும் மாற்ற நேரும். ஒரு சொல்லை மாற்றப் போய்ச் சீர் முழுதையும் மாற்ற நேர்வதைக் கவிஞர்கள் அறிவார்கள்.

மின்னிணைப்பில் இன்னொரு கண்ணி உண்டு. அக்காலப் பெட்டிகள் பலவற்றில் நேர்முனையே புவியிணைப்பு. இன்றைய அடாப்டரை முனை பாராமல் செருகினால் நொடியில் எல்லாம் முடிந்துவிடும். பாட்டரியே நல்லது, காரணம் பின்னர் சொல்கிறேன்.

அடுத்தது நிலையம் பிடிக்கும் தொல்லை. இரண்டு பட்டைப் பெட்டி ஒன்றில் சிற்றலைப் பட்டை ஏறத்தாழ 6 மெகாஹெர்ட்ஸ் முதல் 18 வரை விரியும். நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கக்கூடியவை. கணக்கிட்டால் 2400 இடங்கள். இவ்வளவும் கேங்கின் அரைச் சுற்றுக்குள் அடங்கியிருக்கின்றன. ஒரு பாகைக்குப் பதின்மூன்று நிலையங்கள்! டயல் நூல் சற்றுத் தளர்ந்திருந்தாலும் விரல் நின்ற பின் ஊசி நகரும். இதற்கு நல்ல திருத்தம் ஒன்று உண்டு. ஆஸிலேட்டர் காயிலின் குறுக்கே மிகச் சிறிய கொள்ளளவு மாறும் டையோடு ஒன்றைச் சேர்த்து, அதன் மின்னழுத்தத்தைத் தனியே ஒரு குமிழால் மாற்றினால், பெரிய குமிழ் ஊரைக் காட்டும், சிறிய குமிழ் வீட்டைக் காட்டும். டையோடு, ஒரு கண்டென்சர், ஒன்றிரண்டு ரெசிஸ்டர், ஒரு குமிழ், இவ்வளவே செலவு. பழைய சுற்றில் ஒரு கம்பியையும் வெட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று, அதே நிலையம் டயலில் இரண்டு இடங்களில் கேட்பது. 9600 கிலோஹெர்ட்ஸில் உள்ள நிலையம் 8690-இலும் பேசும். உள்ளிருக்கும் இடை அலைவெண் 455. அதன் இருமடங்கு 910 கீழே தள்ளி ஒரு நிழல் விழுகிறது. தந்தையார் இதற்கு வைத்த பெயர் 'போலி'. பின்னாளில் வகுப்பறையில் முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்த நிழல் நிலையம்தான் நினைவுக்கு வரும். வாயிற்பகுதிக் காயில்களை ஒழுங்காக இசைவித்தால் போலி மங்கும், அறவே ஒழியாது.

இதுவரை சொன்னவற்றைத் திறமையுள்ள எந்தப் பழுதுபார்ப்பவரும் சொல்லிவிடுவார். இலக்கண ஆசிரியர் ஒருத்தி இதில் தலையிடக் காரணமான செய்தியை இனிச் சொல்கிறேன்.

2016-இல் என் மாணவி ஒருத்தி தன் பாட்டியின் பெட்டியைக் கொண்டுவந்தாள். ஈழத்திலிருந்து வந்து முகாமில் வாழ்ந்த குடும்பம். அம்மையார் பிறந்தது தெல்லிப்பழைப் பக்கம். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டு வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது படகேறியவர். தமையனார் குடும்பத்தில் சிலர் ஊருக்குக் கிட்டவே தங்கினர். சிலர் பளைப் பக்கம் போயினர். அம்மையாருக்குச் செய்தி வரும் வழி இந்தப் பெட்டி ஒன்றே. முகாமுக்கு அருகில் இருந்த கடையில் ஒருமுறை அதனைத் 'தூக்கலாகக் கேட்கும்படி' செய்து வாங்கியிருக்கிறார்கள். அன்றுமுதல் ஒலி பெருகியது. ஆனால் அம்மையார் என்னிடம் சொன்னது இது: "பிள்ளை, சத்தம் வருது, சொல்லு வரேல்லை."

2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவுப் போர் நடந்த நாள்களில் பளையின் பெயர் செய்திகளில் அடிக்கடி வந்தது. ஓர் இரவு எறிகணை வீச்சுப் பற்றிய செய்தி. குரல் தேய்ந்து மீண்டபோது ஊர்ப்பெயரின் முற்பகுதி போய்விட்டது. பின்பகுதி மட்டும் கேட்டது. வாசித்தவர் 'பளையில்' என்றாரா, 'தெல்லிப்பழையில்' என்றாரா? தேய்ந்த ஒலியில் 'தெல்லி' விழுங்கப்பட்டிருந்தால் எஞ்சுவது 'பழையில்'. இரண்டுக்கும் இடையே நின்றது ஓர் எழுத்து. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலப்பது உண்டு. ஆயினும் செய்தி வாசிப்போர் பிரித்தே ஒலிப்பர். அந்தப் பெட்டி பிரித்துக் கொடுக்கவில்லை. எந்த வீட்டுக்காக அழுவது என்று தெரியாமல் விடியுமட்டும் விழித்திருந்ததாக அம்மையார் சொன்னார். காலையில் நாளிதழ் வந்தபின்தான் தெளிந்தது. என்ன தெளிந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐ.எஃப்.டி. எனப்படும் சிறு தகரக் கூடுகள் மூன்று. மஞ்சள், வெள்ளை, கறுப்பு என நிறமிட்ட தலைகள். அவற்றுக்கு அருகே சிவப்புத் தலையுடைய ஆஸிலேட்டர் காயில். மூன்று ஐ.எஃப்.டி.களும் துல்லியமாக ஒரே புள்ளியில் குவியும்படி திருகப்பட்டிருந்தன. குவித்தால் வலு கூடும். ஆனால் வழி குறுகும். வழக்கமாக 6 கிலோஹெர்ட்ஸ் அளவாவது அகலம் இருந்தால் பேச்சின் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி காதுக்கு வரும். அகலம் 4 ஆகக் குறுகினால் 2000-க்கு மேற்பட்டது தேய்ந்துவிடும். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். 'தூக்கலாக' என்று கேட்டார்கள், தூக்கலாகவே கொடுத்தார்.

இங்கேதான் எழுத்திலக்கணம் துணைக்கு வந்தது. உயிரெழுத்துகளின் பெரும்பகுதி ஆற்றல் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அ, ஆ, உ, ஓ ஆகியவை குறுகிய வழியிலும் நுழைந்து வந்துவிடும். ஆகவே மாத்திரை கேட்கும், ஓசை கேட்கும், பேசுவது தமிழ் என்றும் தெரியும். லகர, ளகர, ழகர வேறுபாடோ நாவின் நுனி எங்கே தொடுகிறது, எவ்வளவு வளைகிறது என்பதைப் பொறுத்தது. ஒலியியலார் கருவியில் அளந்து பார்க்கும்போது இந்த வேறுபாடு பெரிதும் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் தெரிகிறது. நா வளையும்போது மூன்றாவது ஒத்ததிர்வு கீழே இறங்குகிறது. ழகரத்தில் அந்த இறக்கம் மிகத் தெளிவு. குறுக்கப்பட்ட பெட்டி அந்தப் பகுதியைத்தான் வெட்டுகிறது. மூன்று எழுத்தும் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலச் செய்தி கேட்போருக்கு 'ச', 'ஸ' போன்ற உரசொலிகள் போவது பெருங்குறை. நமக்கு அதற்கும் முன்னதாகவே ல, ள, ழ போய்விடுகின்றன. வெளிநாட்டுக் கையேடுகளில் சொல்லும் அகல அளவுகளைத் தமிழ் கேட்பதற்கு அப்படியே கொள்ளலாகாது என்று நான் சொல்வது இதனால்தான்.

திருத்தம் எளிது. புதிய உறுப்பு ஒன்றும் வேண்டியதில்லை. மூங்கில் குச்சியைச் சீவித் திருப்புளி செய்துகொண்டேன். உலோகத் திருப்புளி பட்டால் உள்ளிருக்கும் ஃபெரைட் கருவும் உடையலாம், தொடும்போது அளவும் மாறும். சென்னை நிலையத்தின் மத்திய அலை, 720 கிலோஹெர்ட்ஸ், பகலில் இங்கே நிலையாகக் கிடைக்கும். அதை வைத்து மூன்று கூடுகளையும் முதலில் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்து, பின் முதலாவதைச் சற்றுக் கீழேயும் மூன்றாவதைச் சற்று மேலேயும் விலக்கினேன். கால் சுற்றிலும் குறைவான திருப்பம். ஒலி சற்றே தணிந்தது, சொல் திறந்தது. என் மாணவியைச் செய்தி வாசிக்கும் குரலுக்கு எதிரே உட்கார வைத்து, கேட்கும் ல, ள, ழ ஒவ்வொன்றையும் தாளில் குறிக்கச் சொல்லி, அவள் பிழையின்றி எழுதும்வரை திருப்பினேன். ஆய்வுக்கூடக் கருவி என்னிடம் இல்லை. வீட்டில் அதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. தமிழோசையை அம்மையார் அந்தப் பெட்டியில், சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-இல் நிற்கும்வரை கேட்டார்.

அண்டை நிலையம் இடிக்கும் இரவுகளில் குறுகிய வழியும் வேண்டியிருக்கும். அதற்கு 455 கிலோஹெர்ட்ஸ் செராமிக் ஃபில்டர் ஒன்றைச் சேர்த்து, அகலம் குறுக்கம் இரண்டுக்கும் ஒரு சிறு ஸ்விட்ச் வைக்கலாம். ஸ்விட்ச் இல்லாமலும் ஓர் உத்தி உண்டு. நிலையத்தின் நடுவில் நிற்காமல், இடையூறு இல்லாத பக்கமாகச் சற்று விலகி நின்றால், குறுகிய வழியிலும் அந்தப் பக்கத்து மேற்பகுதி ஒலிகள் வந்துசேரும். ஊசி முனையளவு விலகல்தான். முன்சொன்ன சிறிய குமிழ் இதற்கும் உதவும்.

ஒலி தணிந்ததற்கு ஈடு ஏரியல். பத்து மீட்டர் கம்பியை வீட்டுக் கூரையிலிருந்து வேப்ப மரத்துக்கு இழுத்து, 20 அல்லது 30 பைக்கோ ஃபாரட் கண்டென்சர் வழியாகப் பெட்டியோடு இணைத்தால் போதும். நேரே இணைக்கலாகாது. ஆற்றல் மிக்க உள்ளூர் நிலையங்கள் புகுந்து எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். பழைய டிரான்சிஸ்டருக்கும் ஆபத்து. ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கும்போது கம்பியைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

ஆயினும் இன்றைய பெரும்பகை அண்டை நிலையம் அன்று. எல்.இ.டி. விளக்கும் கைப்பேசி சார்ஜரும் இன்வெர்ட்டரும் எழுப்பும் இரைச்சல்தான். பழைய பெட்டி செவிடாகிவிட்டது என்று எண்ணுவோர் பலர். பெட்டியில் குறையில்லை, வீடுதான் இரைகிறது. மின்வெட்டு வந்ததும் பாட்டரிப் பெட்டியைப் போட்டுப் பாருங்கள். கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் நிற்பது போல இருக்கும். மின்வாரியத்தை எல்லாரும் வைகிற நேரத்தில் நான் மட்டும் மகிழ்வதற்குக் காரணம் இதுவே. பாட்டரியே நல்லது என்று முன்பு சொன்னதும் இதனாலேயே.

கேட்பதற்கு இன்னும் என்ன இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. தமிழோசையின் சிற்றலை 2017-இல் நின்றது. வேரித்தாஸ் 2018-இல் சிற்றலையை விட்டது. அகில இந்திய வானொலியின் சிற்றலை நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்தன. எஞ்சியவை சில. தொலைதூர நிலையங்களைத் தேடிக் கேட்டு அறிக்கை அனுப்பும் நேயர்கள் தமிழகத்தில் உள்ளனர். ஆர்டிக் டிஎக்ஸ் கிளப் இத்துறையில் தமிழில் இதழும் நடத்தியுள்ளது. அவர்களைப் போல நாம் எல்லாரும் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் கவலை வேறு. பழைய பெட்டிகள் காயலான் கடைக்குப் போவது ஒரு பக்கம். அதைவிட வேகமாக நடப்பது இன்னொன்று: உள்ளே இருப்பவற்றை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் போர்டைப் பொருத்தி, 'பழைய ரேடியோவைப் புதுப்பித்தேன்' என்று சொல்வது. உறை மட்டும் தாத்தாவுடையது. சுவடியைக் கிழித்து எறிந்துவிட்டு அதன் மரச்சட்டத்துக்குள் நாட்காட்டியை வைப்பதற்கு ஒப்பானது இது. வீட்டில் பாட்டுக் கேட்க ஆசைப்படுவது குற்றமா என்றால், இல்லை. அதற்கும் வழி இருக்கிறது. வால்யூம் கண்ட்ரோலின் மேல்முனையில் செருகியதும் வழி மாறும் சாக்கெட் ஒன்றை வைத்தால், கைப்பேசியைச் செருகும்போது அதன் பாட்டு அந்தப் பழைய ஒலிபெருக்கியிலேயே வரும். உருவிவிட்டால் வானொலி திரும்பிவிடும்.

நன்னூலார் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூவகை சொன்னார். வழிநூல் செய்பவன் முன்னோன் முடிபைக் கைக்கொண்டு, தான் வேண்டும் விகற்பத்தைச் சேர்க்கலாம். பெட்டியில் நாம் செய்யும் திருத்தத்துக்கும் அந்த உரிமையும் அந்த வரம்பும் போதும் என்பது என் துணிபு. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதற்பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் இருக்கின்றன. ஆண்டு 919, 921. குடவோலை முறைக்கு முதலில் செய்த விதிகளில் குறை கண்டு, இரண்டே ஆண்டுகளில் நம் ஊர்ச் சபையார் திருத்தினார்கள். பழைய கல்லைக் கொத்தி அழிக்கவில்லை. திருத்தத்துக்கு முன் என்ன இருந்தது என்பதை இன்றும் போய்ப் படிக்கலாம்.

நான் செப்பம் செய்யும் பெட்டிகளின் பின்மூடிக்குள் ஒரு தாள் ஒட்டுகிறேன். நாள், கழற்றிய உறுப்பு, அதன் அளவு, பொருத்திய உறுப்பு, ஐ.எஃப்.டி. தலைகள் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் திரும்பின என்பவை அதில் இருக்கும். கழற்றிய உறுப்புகளைச் சிறு உறையிலிட்டுப் பாட்டரி கட்டையின் ஓரத்தில் செருகிவிடுவேன். அடுத்து அதைத் திறப்பவர் என்னைவிடக் கூர்மையான காது உள்ளவராக இருக்கலாம். என் திருத்தம் பிடிக்காவிட்டால் அவர் அரைமணி நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுபோகட்டும். நம் வட்டத்து அன்பர்கள் வீடுகளில் பரணில் கிடக்கும் பெட்டிகளைக் கொண்டுவந்தால், மாதக் கூட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம் நான் உட்கார்ந்து பார்க்க அணியமாக இருக்கிறேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கவிஞர் துணைக்கு வர வேண்டும். ல, ள, ழ குறிப்பதற்கு.

இன்று மாலை விழா முடிந்ததும் ஏரிக்கரைக்குப் போகிறேன். அங்கே மின்விளக்கு இல்லை. பெட்டியும் நான்கு பாட்டரியும் என்னிடம் உள்ளன. கம்பியை மரத்தில் கட்ட உயரமான ஒருவர் வந்தால் நலம்.